டிரசர் கொர்னேலியஸ் தொட்டுப் பார்க்காத வயிறு

என் வீட்டுக்காரரைத் தோட்டத்தில் எல்லோரும் டிரசர் கொர்னேலியஸ் என்றுதான் சொல்வார்கள். டாக்டருக்குப் படித்தவர் அல்ல. ஈப்போ ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் கட்டுப்போடவும் மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டு, தானா ராத்தா ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். ஜப்பான்காரன் நுழைந்து, வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு வைத்தியம், வழக்கு இரண்டுமே இவர் தலையில் விழுந்தன. காலையில் நாக்கை நீட்டச் சொல்வார். சாயங்காலம் யார் கோழியை யார் அடித்துத் தின்றது என்று விசாரிப்பார். ஊருக்கே நியாயம் சொல்கிற ஐயாவின் வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். என் வழக்கை யார் கேட்பது என்று முணுமுணுப்பேன். அது மட்டும் இவர் காதில் விழாது.

பொய் நோயைக் கண்டுபிடிப்பதில் இவருக்குப் பெரிய பெருமை. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது வேலைக்குப் போகாமல் தப்ப நினைக்கிறவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இவரிடம் வருவார்கள். ஒரு பார்வை பார்ப்பார். பேதி உப்பை ஒரு குவளையில் கரைத்துக் குடிக்க வைத்து, 'வேலைக்குப் போகலாம்' என்று புத்தகத்தில் எழுதிவிடுவார். அந்தக் காலத்து டிரசர்கள் பலரும் செய்ததுதான். எங்கள் தோட்டத்தில் அந்த உப்பை அதிகம் குடித்தவன் இருளப்பன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மாதம் வந்தால் அவனுக்கு வயிற்றுவலியும் கூடவே வரும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். நிமிராமல் குனிந்தபடியே நின்றான்.

"ஐயா, இந்த வாட்டி நெசமாவே வலிக்குது லா."

"போன வாட்டியும் இதத்தானடா சொன்ன?"

"தொப்புள்ள ஆரம்பிச்சி வலப்பக்கம் எறங்கிடுச்சிங்க."

தொட்டுப் பார்த்திருக்கலாம். எத்தனை நேரம் பிடிக்கும்? ஆனால் வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், மருந்து அலமாரி காலி, இவருக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். மிச்சமிருந்த உப்பைக் கரைத்து நீட்டினார். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். புத்தகத்தில் அதே வரியை எழுதினார்.

மறுநாள் விடிந்ததும், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லோரி வந்தது. ஜப்பான் அதிகாரி டிரசரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். நோயாளி என்று எழுதியிருந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்களில் பதினெட்டுப் பேரைப் பிரித்து நிறுத்தினான். இருளப்பன் வயிற்றைப் பிடித்தபடி அதில் ஒருவனாக நின்றான். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. ஓடிப்போய், தான் தப்பாக எழுதிவிட்டதாகச் சொன்னார். அதிகாரி இவரை அறைந்தான். புத்தகத்தில் இருப்பது உன் எழுத்துதானே என்று கேட்டான். லோரி புறப்பட்டுவிட்டது.

பத்து நாள் கழித்து, லோரியில் போனவர்களில் தங்கராஜு மட்டும் தப்பி வந்தான். மலைக்குக் கீழே இருந்த தாப்பா ரோடு ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள்ளேயே இருளப்பன் செத்துப்போனான், வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது என்று சொன்னான். குடல்வால் வீங்கினவனுக்குப் பேதி மருந்து கொடுத்தால் அது வெடித்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்களாம். அன்றுதான் இவர் அதை என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஜப்பான்காரன் மேலா, இவர் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்குக் கேட்கிற நேரத்துக்கு இருளப்பன் மனைவி மணியம்மா வந்தாள். இவர் நாற்காலியை விட்டு எழுந்து, குற்றம் செய்தவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றார். யாராவது உட்கார்ந்து விசாரியுங்கள் என்று கணக்கு எழுதுகிற கிராணியைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார். மற்ற நாளில் வாய் கிழியப் பேசுகிறவர்கள் ஒருவரும் அந்த நாற்காலிக்கு வரவில்லை.

"தண்டனையெல்லாம் வேணாங்க," என்றாள் மணியம்மா. "ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அந்த உப்பக் குடுக்காம இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

இல்லை என்று சொல்லித் தொலையேன், மனுஷா என்று எனக்குள் கெஞ்சினேன். லோரியில் ஏற்றியவன் மேல் பழியைப் போட்டால் யார் மறுக்கப்போகிறார்கள்?

"பொழச்சிருக்கலாம்மா," என்றார். "அன்னிக்கே கீழ ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா பொழச்சிருக்கலாம். நான் தொட்டுக்கூடப் பாக்கல."

அவள் அழவில்லை, திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். இனி ஒருவரும் இவரிடம் மருந்துக்கு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தாலாவது இந்த மனுஷருக்கு நிம்மதி கிடைத்திருக்கும். ஆனால் அந்த மலையில் எங்கள் ஜனங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

வியாழக்கிழமை காலை வரிசையில் முதல் ஆளாக மணியம்மா நின்றாள். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. அவளாகவே நாக்கை நீட்டிக் காட்டினாள். பிறகு நாடி பார்க்கக் கையை நீட்டினாள்.

"நல்லாப் பாருங்கய்யா," என்றாள்.