படத்தை மூடிய கை

அட்டை டீச்சருக்கு ஞாபகமறதி அதிகம் என்று அவள் கணவர் சொல்வார். அடுப்பில் பால் வைத்ததை மறப்பாள், குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வருவாள். ஆனால் தனக்கு ஒருத்தர் செய்த கெடுதலை மட்டும் அவள் மறந்ததே கிடையாது. பெரிய மனசு பண்ணி மன்னிப்பதெல்லாம் வேறு ஆட்கள் செய்கிற வேலை. அவள் கறுவுவாள், காத்திருப்பாள். அப்படி ஒருத்திக்காக ஏழு வருஷம் காத்திருந்தாள்.

அட்டை டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். துணிக்கடைச் சட்டைப் பெட்டி, செருப்புப் பெட்டி, பிரிட்ஜ் மெக்கானிக்கான கணவர் வேலைக்குப் போகிற இடங்களிலிருந்து தூக்கிவரும் பெரிய பெட்டி என்று எது கையில் சிக்கினாலும் கத்தரித்துவிடுவாள். மேலே ஒரு படம் வரைவாள், அதன் கீழே ஒரு வரி எழுதுவாள். வீட்டில் உட்கார இடம் தேட வேண்டும், அவ்வளவு அட்டை.

அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக மூன்று படி வைத்திருந்தார்கள். வகுப்பில் எல்லோரோடும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது முதல் படி. அதில் ஒட்டாதவர்களை நாலைந்து பேராக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது இரண்டாம் படி. அதிலும் தேறாவிட்டால் மூன்றாம் படி: தினமும் ஒரு பீரியட், ஒரு பிள்ளை, ஒரு டீச்சர். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அவள் சேர்ந்தபோது மூன்றாம் படி என்பது கழிவறைக்கும் லேபுக்கும் நடுவில் ஒரு அறை, கால் ஆடும் ஒரு மேசை, யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட சில பிள்ளைகள், அவ்வளவுதான். புதிதாக வந்தவள் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள்.

சீக்கிரமே அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பிள்ளைகள் மக்கு இல்லை, மகா கெட்டிக்காரர்கள். படத்தைப் பார்த்து, டீச்சர் முகத்தைப் பார்த்து, ஊகித்தே வாசித்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு சிறுமி பக்கம் பக்கமாகக் கடகடவென்று வாசித்துக்கொண்டு வந்தாள். படம் கிழிந்துபோயிருந்த பக்கம் வந்ததும் வாயடைத்துப்போனாள். அன்றைக்குத் தோன்றியதுதான் பொய் அட்டை. படத்தில் பூனை நாற்காலி மேல் தூங்கும். கீழே, ‘பூனை நாற்காலிக்கு அடியில் தூங்கியது’ என்று எழுதியிருக்கும். எழுத்தை வாசிக்கிற பிள்ளை, “மிஸ், படத்தத் தப்பா போட்டுட்டீங்க!” என்று சிரிக்கும். படத்தை வாசிக்கிற பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் அவள் எதையும் காட்டிக்கொள்ளமாட்டாள். அடுத்த அட்டையை நகர்த்திவைத்துவிட்டு, மறுநாள் பாடத்தை அந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். யார் எங்கே மாட்டினார்கள் என்பது அந்த அறையைத் தாண்டிப் போகாது.

இரண்டாம் படிக்கு ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து “அக்கா, அக்கா” என்று ஒட்டிக்கொண்டாள். அக்காவின் டிபன் பாக்ஸில் பாதி அவள் வயிற்றுக்குத்தான் போகும். கூடப்பிறந்தவர்கள் இல்லாத அட்டை டீச்சர் உருகிப்போனாள். பின்னாளில் கணவரிடம் பேசும்போது அவளைத் ‘தங்கச்சி’ என்றுதான் சொல்வாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அக்கா, உங்க அட்டைப் பெட்டிய ரெண்டு நாளைக்குக் குடுங்களேன். பாத்துட்டுத் தந்துடுறேன்” என்று தங்கச்சி ஒருநாள் கேட்டாள். இவள் கொடுத்ததோடு நிற்கவில்லை. கனமாக இருக்கிறதே, பாவம் என்று தானே பஸ் ஸ்டாப் வரை சுமந்துபோய் ஏற்றியும் விட்டாள். இப்போதும் அப்படிச் சுமந்துபோனதை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும்.

பெட்டி திரும்பி வந்தது. தங்கச்சி கல்வி அலுவலகத்தில் பெரிய வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் பளபளவென்று அச்சடித்து ‘மூன்று படி வாசிப்புப் பெட்டி’ வெளிவந்தது. மூடியில் தங்கச்சியின் சிரித்த முகம். உள்ளே அட்டை டீச்சரின் அட்டைகள். பூனையின் ஒரு காது மடங்கியிருக்குமே, அந்தக் காது வரைக்கும் அவளுடையது. ஆனால் கீழே இருந்த வரி மாறியிருந்தது. ‘பூனை நாற்காலி மேல் தூங்கியது.’ பொய் அட்டைகளெல்லாம் அக்கா கவனக்குறைவாகச் செய்த பிழைகள் என்று நினைத்து, தங்கச்சி ஒன்றுவிடாமல் திருத்தியிருந்தாள். ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருடுகிறவள் எப்படிக் கேட்பாள்?

“விட்டுத் தொலைம்மா. அட்டைதானே” என்றார் கணவர்.

“அட்டைக்காக இல்லைங்க. அவ என்னை அக்கான்னு கூப்பிட்டா.”

பெட்டி ஊரெல்லாம் பரவியது. அதில் உள்ள அட்டைகளை வாசித்துக் காட்டினால் பிள்ளை தனி அறையை விட்டு வகுப்புக்கே திரும்பிவிடலாம் என்று விதி. படத்தைப் பார்த்துச் சொல்வதற்கு என்ன கஷ்டம்? எல்லாப் பிள்ளைகளும் தேறினார்கள். மூன்றாம் படியில் ஆளே இல்லையென்றால் அதற்கு எதற்குத் தனி அறை, தனி டீச்சர் என்று மேலிடம் கேட்டது. கடைசியில் பெட்டி இவள் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. இந்த வருஷத்தோடு இவள் அறையையும் மூடிவிட்டு அதில் விளையாட்டுச் சாமான் போடுவதாக முடிவானது.

அப்படித் தேறியவர்களில் சலவைக்கடைக்காரரின் மகளும் ஒருத்தி. ஒன்பது வயது. ஊகிப்பதில் ராணி. மூன்றாம் படியில் அட்டை டீச்சரிடம் அப்போதுதான் மெல்ல மெல்ல எழுத்தைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். பெட்டி வந்து அவளை ஒரே வாரத்தில் வகுப்புக்குத் தூக்கிவிட்டது. இப்போது வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சத்தமாக வாசிக்கும்போது கூடவே உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷப் புத்தகங்களில் படமே கிடையாது. அறையும் போய்விட்டால் அவள் கதி அவ்வளவுதான்.

அட்டை டீச்சர் தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம்.

“அப்படியா சங்கதி? நாளைக்கே அந்தப் பொண்ண ரூம்ல தனியா உக்கார வைங்க டீச்சர். நானும் வந்து பாக்குறேன். நீங்க சொல்றது சரின்னா நானே மேல எழுதுறேன். ரூம மூட விடமாட்டேன்.”

அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அவ்வளவுதான். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் சும்மா இருக்காமல் இன்னொன்றும் சொன்னார். “அடுத்த வாரம் அந்தப் பெட்டிய செஞ்சவங்களே இங்க வராங்களாம். அதிகாரிங்க, பெத்தவங்க எல்லார் முன்னாடியும் பெட்டிய வெச்சு நடத்திக் காட்டப்போறாங்க. இந்தப் பொண்ணத்தான் கேட்டிருக்காங்க.”

அட்டை டீச்சருக்குக் காது சூடேறியது. மேடை, கூட்டம், தங்கச்சி, கையில் மைக். இப்படி ஒரு நாள் வராதா என்றுதானே இத்தனை வருஷம் ஏங்கினாள்.

“அப்ப அன்னைக்கே பாத்துக்கலாம் சார். இப்ப ஒண்ணும் எழுத வேணாம்.”

அந்த நாளும் வந்தது. காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே தலைவாரிக்கொண்டிருந்தவளைக் கணவர் கொஞ்சநேரம் பார்த்தார்.

“பழி வாங்குற, சரி. அந்தப் புள்ளைய வெச்சா வாங்கணும்?”

“அவளுக்காகத்தாங்க இதெல்லாம்.”

“அவளுக்காகன்னா நீ ஏன் இவ்ளோ சந்தோஷமா இருக்க?”

சீப்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. சலவைக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு, தானே தேய்த்த வெள்ளைச் சட்டையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி ஓடிவந்து, “அக்கா! இளைச்சுட்டீங்களே!” என்று கட்டிக்கொண்டாள். அட்டை டீச்சரும் சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள். அப்படிச் சிரிக்க அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

மேடையில் அந்தப் பெண் பெட்டி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணீரென்று சொன்னாள். கூட்டம் கைதட்டியது. தங்கச்சி அவளை அணைத்துக்கொண்டு, “இவ மூணாம் படியில கிடந்தவ. இன்னைக்குப் பாருங்க, என்னமா படிக்கிறா!” என்றாள். பெண்ணின் முகம் பூரித்துப்போயிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அவளை ஒருத்தர் மெச்சியது அதுதான் முதல் தடவை.

“நானும் ஒரு அட்டை குடுக்கலாமா?” என்று எழுந்தாள் அட்டை டீச்சர்.

“தாராளமா வாங்கக்கா.”

மேடையேறி, பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். பெண் பார்ப்பதற்குள் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டினாள்.

“இப்ப வாசிம்மா.”

பெண் கையைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஏதாவது கிடைக்கும் என்று அவளுக்குப் பழக்கம். அட்டை டீச்சர் முகத்தைச் சுவர்போல வைத்துக்கொண்டாள். பெண்ணின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். “நாய்... நாய் ஓடுது” என்றாள். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

“கூட்டத்தப் பாத்துப் பயந்துட்டா” என்றாள் தங்கச்சி அவசரமாக.

“அப்படியா? இதையும் வாசிக்கட்டும்.” அட்டை டீச்சர் பையிலிருந்து தன் பழைய அட்டையை எடுத்து, இந்தமுறை மூடாமல் கொடுத்தாள். பெண்ணுக்கு உயிர் வந்தது. “பூனை நாற்காலி மேல தூங்குது!” என்று உரக்கச் சொன்னாள். அட்டை டீச்சர் அதை வாங்கி அப்படியே முன்வரிசையில் இருந்த அதிகாரியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

“நாற்காலிக்கு அடியிலன்னுல்ல எழுதியிருக்கு?”

தங்கச்சிக்கு வேர்த்துவிட்டது. “அது தப்பான அட்டை சார்! அக்கா செஞ்ச அட்டைங்கள்ல பாதி இப்படித்தான் தப்புத்தப்பா இருந்துச்சு. நான்தான் உக்காந்து எல்லாத்தையும் திருத்தி...”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அதிகாரி அவளையும் பூனையின் மடங்கிய காதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா செஞ்ச அட்டைங்களா?” என்று கேட்டார்.

அதன்பிறகு மண்டபத்தில் ஒரே சலசலப்பு. எல்லோரும் அதிகாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். மேடையில் நின்ற பெண்ணை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவளுடைய அப்பா வந்து, யாரையும் பார்க்காமல், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தங்கச்சியைப் பிள்ளைகளின் வாடையே படாத ஒரு மூலை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அறை தப்பியது, ஆடாத மேசைகூட ஒன்று வந்தது. அட்டை டீச்சருக்கு இனித்தது. தங்கச்சியின் முகம் வெளுத்த கதையைக் கணவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள், நடித்தும் காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை.

“அந்தப் புள்ள என்ன ஆச்சு?”

“திங்கக்கிழமையில இருந்து என்கிட்டதான். தினமும் ஒரு பீரியட். அதுக்குத்தானே இவ்ளோ பாடு!”

திங்கட்கிழமை பெண் வந்து உட்கார்ந்தாள். அட்டை டீச்சர் இருப்பதிலேயே எளிதான அட்டையை எடுத்துவைத்தாள், ஒரே ஒரு சொல், முன்பு அவள் தட்டுத்தடுமாறியாவது படித்துவிட்ட சொல். பெண் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அதற்கு அடுத்த நாள் பெண் தானாகவே பேசினாள்.

“மிஸ், அந்த மிஸ் இனிமே வரமாட்டாங்களா?”

“வரமாட்டாங்க. ஏன் கேக்குற?”

“அவங்ககிட்ட எனக்குப் படிக்க வந்துச்சு” என்றாள் பெண், குனிந்த தலை நிமிராமல். “உங்ககிட்டதான் வரல.”

பீரியட் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது.