நவரைக்குள் வந்துவிடுமா அந்த ப்ராசஸர்?

நெல் தூசி படிந்த சட்டையின் வாசனை... அதோடு பெட்ரோலும் யூரியா மூட்டையும் கலந்த ஒரு நெடி. மொபெட்டின் பின் சீட்டில் உட்கார்ந்தால், காற்று அத்தனையையும் என் முகத்தில்தான் கொண்டுவந்து கொட்டும்.

காலேஜ் பஸ் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும். அங்கிருந்து சாலவாக்கம் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு நைனாதான் வந்து கூட்டிப்போவார். வழி நெடுக இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. நெல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி அவருக்குத் தெரியாது. அப்புறம் என்ன பேசுவது?

இன்றைக்கு டைம்லைனைத் திறந்தால், அடுத்த ப்ராசஸர் எந்த லேப்டாப்பில் வரும், எந்த மாசம் வரும் என்று ஒரே அடிதடி. சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஆராய்ச்சியையெல்லாம் நாங்கள் மொபெட்டிலேயே முடித்தவர்கள்...

அப்போது எனக்குக் கடைசி வருஷம். லேப்டாப் வாங்கித் தருவதாக நைனா சொல்லியிருந்தார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தீபாவளிக்கு புது ப்ராசஸர் வருதாம் நைனா, இன்னும் ஃபாஸ்ட்டா இருக்குமாம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

வண்டியின் வேகம் குறைந்தது.

"தீபாவளிக்கு எங்க வருதாம்?"

"அமெரிக்காவுல."

"அப்ப நம்ம ஊருக்கு வர்சொல்ல நவரை அறுப்பு ஆயிடும். மதகத் தொறந்தா கடைசி கயனிக்கு தண்ணி வர எத்தினி நாளு ஆவுது? அதே கணக்குதான்."

நவரை என்பது எங்கள் பக்கம் மார்கழி, தையில் நட்டு சித்திரை வாக்கில் அறுக்கிற போகம். நைனாவின் கணக்கில் அமெரிக்கா தலைமடை, சென்னை நடுவில், காஞ்சிபுரம் அதற்கும் கீழே. நாங்கள் கடைமடை.

அன்றிலிருந்து தினமும் இதே பேச்சுதான். டீக்கடையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வருவார். நான் பின்னால் ஏறி உட்காருவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"தைவான்ல நில நடுக்கமாம்மா. அங்கதான அத்த பண்றாங்க? அப்ப ஒரு மாசம் தள்ளிப்போவும் பாரு."

எனக்கே அது தோன்றியிருக்கவில்லை.

வந்தால் உடனே வாங்கிவிடுவாரா என்றால், அதுவும் இல்லை. எங்கள் ஊரில் புது நெல் ரகம் எது வந்தாலும் முதல் போகம் செங்கல்வராயன் மாமா கழனியில்தான் நடுவார்கள். மற்றவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். விளைந்தால் அடுத்த போகம் எல்லோரும் நடுவார்கள். விளையாவிட்டால் மாமாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். "உங்க காலேஜ்ல செங்கல்வராயன் மாதிரி எவன்னா கீறானா? மொதல்ல அவன் வாங்கட்டும்" என்றார் நைனா. அன்று ஏரிக்கரை முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தோம். நைனாவோடு அப்படிச் சிரிக்க முடியும் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

தை பிறந்ததும் சிரிப்பு போய்விட்டது. ஒரு கம்பெனி ஆன்லைன் டெஸ்ட் வைத்தது. கேமரா உள்ள சொந்த லேப்டாப் வேண்டும், லேப் மெஷின் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் டிபார்ட்மெண்டுக்கு அந்த வருஷம் வந்ததே அந்த ஒரு கம்பெனிதான். அதை விட்டால் அடுத்தது கல்யாணப் பேச்சு என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

நைனா அசையவில்லை. "இன்னும் மூணு மாசம் பொறுத்தா புதுசு வந்துடும்மா. இத்தினி நாளு காத்துக்கினு இருந்துட்டு இப்ப போய் பழச வாங்குவாங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்.

"புது நெல்லு வூட்டுக்கு வர வரிக்கும் ஒலை வெக்காமயா இருந்தோம்? கீற அரிசியத்தான பொங்கித் துன்னோம். பொண்ணு அயுவுது, போய் வாங்கினு வா."

நைனா மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்பும்மா" என்றார்.

காஞ்சிபுரம் கடையில் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தினி போகம் தாங்கும்?" என்று கேட்டார். கடைக்காரப் பையன் என்னைப் பார்த்தான். எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்கிறார் என நான்தான் மொழிபெயர்த்தேன்.

டெஸ்ட் பாஸ். வேலையும் கிடைத்தது. நைனா டீக்கடையில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது... சாயந்திரமானால் நான் ட்ரெய்னிங் வீடியோவோடு ரூமுக்குள் உட்கார்ந்துவிடுவேன். நைனா வாசற்படி வரை வருவார், ஸ்கிரீனைப் பார்ப்பார், போய்விடுவார். அத்தனை மாசம் காத்திருந்தோமே, அந்த ப்ராசஸர் கடைசியில் எப்போது வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். வேலையே கடைக்கு வராத லேப்டாப்புகளை டெஸ்ட் செய்வதுதான். நீங்கள் அடித்துக்கொள்கிற அந்த ப்ராசஸர் என் டேபிள் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. தேதியும் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள்.

நைனாவும் இப்போது யூட்யூப் பார்க்கக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் எடுத்தவுடனே அதுதான்.

"பொங்கலுக்கு அடுத்தது வருதாமே, உங்க ஆபீஸ்ல எதுனா பேசிக்கிறாங்களா?"

"தெரியலியே நைனா. நீ இன்னா நெனைக்கிற?"

அவ்வளவுதான். அரை மணி நேரம் ஓடும். ஒவ்வொரு நாடாகச் சுற்றி வருவார், நான் மறுத்துப் பேசுவேன், விட்டுக்கொடுக்க மாட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருப்பது அந்த அரை மணி நேரத்தில்தான்.

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டாலும் நைனாவிடம் தேதியைச் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லிவிட்டால் அப்புறம் அவர் என்னிடம் கேட்க என்ன இருக்கிறது?