பெருங்காயம் போடாத ரசம்

எங்கள் அடுப்படி அலமாரியில் கண்ணுக்கு நேராக ஒரு மஞ்சள் டப்பா இருக்கிறது. பெருங்காயத் தூள் டப்பா. காலியாகிப் பல வருஷம் ஆகிவிட்டது, இன்னமும் மூடியைத் திறந்தால் வாசனை வருகிறது. "காலி டப்பாவ எதுக்கும்மா வச்சிருக்கீங்க, தூக்கிப் போடுங்க லா," என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் வீடு துடைக்கும்போது மகள் சொல்வாள். நான் அதை எடுத்துத் துடைத்து, பின்பக்கத்துச் சின்ன எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி, அதே இடத்தில் வைத்துவிடுவேன். அதைக் கொடுத்தவர் தேக்கா சந்தையில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. வருகிற போகிற எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அப்போது நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஒரு வருஷமாக வயிறு சரியில்லை. எதைச் சாப்பிட்டாலும் உப்புசம், வயிற்றுப்போக்கு. உடம்பில் ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போனேன். கம்பெனி பஸ் பாதி வழியில் இருக்கும்போது வயிறு கலக்கினால் என்ன செய்வது என்ற பயத்திலேயே காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். கடைசியில் மருத்துவமனையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்றார்கள். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம், அது என் குடலை அரித்துவிடுமாம். மருந்து கிடையாது. ஆயுசுக்கும் அதில் ஒரு துணுக்குகூட உள்ளே போகக் கூடாது. நான் பிரைமரி சிக்ஸ் வரைதான் படித்தவள். எனக்குப் புரிந்த மாதிரி கேட்டேன்: "டாக்டர், சோறு சாப்பிடலாமா?" சாப்பிடலாம் என்றார். தோசை? அரிசியும் உளுந்தும்தானே, சாப்பிடலாம் என்றார். தாயே, பிழைத்தேன் என்று வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் எப்படியும் சமாளித்துவிடலாம். ஆனால் இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் யார் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடுகிறார்கள்? கோழிச்சோறு சோறுதானே என்று வாங்கினால் மேலே ஊற்றுகிற சோயா சாஸில் கோதுமை. பீஹூன் நூடுல்ஸ் அரிசியில் செய்தது, ஆனால் அதையும் அதே சாஸில்தான் பிரட்டுகிறார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கு கோப்பிக்கடையில் இருந்த பெரியவரிடம் எனக்குக் கோதுமை ஆகாது என்று விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது கோதுமை இல்லம்மா, மைதா. பயப்படாம சாப்பிடு," என்று பிரட்டா ரொட்டியைத் தட்டில் வைத்தார். கூட வேலை பார்த்தவர்கள், "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது லா," என்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் இலையில் வைத்த பூரியை ஒதுக்கியதற்கு, "இந்த வயசுல எதுக்குடி உனக்கு டயட்டு, மறுபடியும் பொண்ணு பாக்க வராங்களா?" என்று என் நாத்தனார் பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெறும் சோற்றைத் தயிரில் பிசைந்து சாப்பிட்டேன்.

குடல் ஆற வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளிதோறும் விரதம் இருந்தேன். வேலை முடிந்து கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, சிராங்கூன் வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா கடையில்தான் விரதம் விடுவேன். முதல் நாள் என் கதையைச் சொன்னபோது அக்கா தோசைத் திருப்பியைக் கையில் வைத்தபடியே கேட்டார். சிரிக்கவில்லை. "சப்பாத்தி போடுற கல்லுலதான் எல்லாத்தையும் போடுறேன். அது உனக்கு ஆகாதே," என்று அவரே சொன்னார். அடுத்த வெள்ளி போனபோது மேல்தட்டில் சின்னதாக ஒரு புதுக்கல் இருந்தது, கைப்பிடியில் சிவப்பு நூல். நூல் கட்டியதை யாரும் தொடக்கூடாது என்று வேலைக்காரப் பெண்களிடம் சொல்லிவைத்திருந்தார். "என் மாப்பிள்ளைக்குக்கூடத் தனிக்கல்லு போட்டதில்ல. நீ குடுத்து வச்சவ, தின்னு," என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து ஊற்றுவார். மூன்று தோசை, கிண்ணம் நிறையச் சாம்பார், கடைசியில் ஒரு டம்ளர் ரசம். வெளியில் உட்கார்ந்து பயமில்லாமல் சாப்பிட எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது என்று கோயிலில் மனதாரக் கும்பிட்டேன்.

ஆனால் சனிக்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. மற்ற நாள் தேவலை, சனிக்கிழமை மட்டும் படுத்துவிடுவேன். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு முறை ஞாயிறு வரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைகள் பிஸ்கட் தின்றுவிட்டுக் கிடந்தார்கள். அந்த ஆத்திரம் ஆறாமல் அடுத்த வெள்ளி நேரே கடைக்குப் போனேன். முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"சப்பாத்தி மாவு கையோடதானே எனக்குத் தோசை ஊத்துறீங்க?"

"இல்லம்மா. கழுவிட்டுத்தான்..."

"பொய் சொல்லாதீங்கக்கா. இங்க சாப்பிட்டாத்தான் எனக்கு இப்படி ஆகுது. கோயிலுக்குப் போய்ட்டு வர்றவளுக்குத் தெரிஞ்சே இப்படிச் செய்வீங்களா?"

அக்கா இரண்டு கைகளையும் கல்லுக்கு மேலே என் முகத்துக்கு நேராக நீட்டினார். கழுவின ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சூடான கல்லில் விழுந்து சுர்சுர்ரென்று சத்தம் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே சாம்பார் வைத்துச் சாப்பிட்டேன். சனிக்கிழமை அதே வலி. அக்கா கை சுத்தமானது என்று அந்த முதல் சனிக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் போகவில்லை. வெட்கம். கடை கண்ணில் படாமலிருக்க அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சாமி முன்னால் நின்று என் வயிற்றைக் குணப்படுத்து என்று கேட்டேனே தவிர, அக்காவிடம் பேசியதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால் போய் மன்னிப்புக் கேள் என்று அம்மன் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, பிராகாரம் சுற்றி வரும்போது தூணோரமாக அக்கா நின்றார். கடை நேரத்தில் அவர் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. இடுப்பில் செருகிய துண்டுகூட அப்படியே இருந்தது. கையில் மஞ்சள் டப்பா.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மருமகதான் படிச்சா. நீயும் படி," என்று பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிசின் என்று போட்டு, அதற்கு அடுத்ததே கோதுமை மாவு. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதே டப்பா என் வீட்டிலும் இருந்தது. மற்ற நாளில் எங்கள் வீட்டில் மீனோ கோழியோ; அதற்கு யார் பெருங்காயம் போடுவார்கள்? வெள்ளிக்கிழமை சைவம் என்றால்தான் அந்த டப்பா அலமாரியிலிருந்து இறங்கும். எந்த நாளை அம்மனுக்கென்று ஒதுக்கினேனோ அந்த நாளில் நானே என் கையால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இருந்தது என் கடையிலதான்மா," என்றார் அக்கா. "ஆனா என் கையில இல்ல."

அவ்வளவுதான். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, "ரசம் கொதிக்குது, வா," என்று முன்னால் நடந்தார். அன்றிலிருந்து சாம்பாருக்குப் பதிலாக எனக்கென்று ஒரு குட்டிச் சட்டியில் மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் மட்டும் போட்டு ரசம் தனியாகக் கொதித்தது. அந்தச் சட்டிக்கும் சிவப்பு நூல். "பெருங்காயம் போடாத ரசத்தைக் குடிக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்," என்று கேலி பேசுவார். அக்காவுக்கு முட்டிவலி வந்து கடையை விடுகிற வரைக்கும் பல வருஷம் அங்கே சாப்பிட்டேன். ஒரு சனிக்கிழமைகூட நான் படுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வரிசையில் அத்தனை பேர் முன்னால் பேசியதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம் என்று போவேன், தோசை வந்துவிடும்.

போன வருஷம் அக்கா காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் மகன் வீட்டு புளோக்கின் கீழே பந்தி போட்டிருந்தார்கள். துக்க வீட்டுப் பந்தியில் உட்காராமல் வரக் கூடாது, உட்கார்ந்தால் ஒதுக்கவும் கூடாது. சேமியாப் பாயசம் முதல் சாம்பார் வரை எனக்கு ஆகாததுதான். சோற்றில் உப்பைப் போட்டு நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடலாம் என்று இலை முன் உட்கார்ந்தேன். அக்காவின் மருமகள் ஓடி வந்து என் தோளைத் தொட்டாள். "ஆன்ட்டி, இது கேட்டரிங் சாப்பாடு, தொடாதீங்க. உங்களுக்கு நான் செஞ்சு வச்சிருக்கேன்." அவள் கையில் அந்தக் குட்டிச் சட்டி. நூல் சாயம் போய் வெளுத்திருந்தது. "எல்லா டப்பாவையும் படிச்சுப் பாத்துட்டேன் ஆன்ட்டி," என்றாள்.

ரசத்தை ஊற்றியதும் என்னால் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் உன் அத்தைய அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா," என்றேன்.

"என்னைக்கு ஆன்ட்டி?"

அவளுக்குத் தெரியவில்லை. அக்கா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "அப்ப, அந்தப் பெருங்காய டப்பாவ உங்கிட்டப் படிக்கக் கொடுக்கும்போது அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். "வெள்ளிக்கிழமை ஒரு பொண்ணு நாள் முழுக்கப் பட்டினி கெடந்து நம்ம கடைக்கு வருது, அதுக்கு ஆகாதது இதுல எதுலயோ இருக்கு, எல்லாத்தையும் படின்னாங்க. கடையில இருந்த அத்தனையும் தூக்கிட்டு வந்துட்டாங்க ஆன்ட்டி. ரெண்டு நாள் படிச்சேன்."

இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. போன வாரம் மகள் என்னை நகரத்தில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். பட்டியலிலேயே கோதுமைக் கதிரை வரைந்து குறுக்கே கோடு போட்டிருக்கிறார்கள். பரிமாறும் பெண் பயப்படாமல் சாப்பிடுங்கள் என்றாள். நான் அவர்கள் ஊற்றுகிற சாஸ் பாட்டிலைக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். "அம்மா, ப்ளீஸ்," என்று மகள் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் உள்ளே போய் எடுத்து வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்த பிறகுதான் கை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அதற்குள் மகள் அலமாரியைத் துடைத்திருந்தாள். டப்பாவைத் தூக்கிப் போடவில்லை, திருப்பி வைத்திருந்தாள். சின்ன எழுத்து வெளியே தெரிந்தது.