வீசிங் என்று சொன்னேன்

நானும் என் தோழியும் பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரே லைனில் குடியிருக்கிறோம். ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். ஞாயிறு காலையில் சேர்ந்து ஓடுவோம். எப்போதும் அவள்தான் முன்னால் போவாள்.

போன வருஷம் பெங்களூரில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இருவரும் பேர் கொடுத்தோம். என் ஆபீஸ் பக்கத்தில் இருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, "காலை மட்டும் தயார் பண்ணா போதாது, மூச்சு இழுக்கிற தசையையும் பண்ணணும்" என்று சொல்லி ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவியைக் காட்டினார். வாயில் வைத்து இழுத்தால் காற்று சுலபத்தில் வராது, முக்கி இழுக்க வேண்டும். ஓடுவதற்கு முன் முப்பது தடவை. வாங்கி இரண்டு மாதம் பழகினேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

ஓட்டத்தன்று கூட்டத்தை விட்டு விலகி, ஒரு வேனுக்குப் பின்னால் நின்று இழுத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டோ பத்தொன்பதோ எண்ணும்போது அவள் வந்து நின்றாள்.

"இன்னா அது?"

"வீசிங். டாக்டர் குடுத்தது." வாயில் அதுதான் வந்தது.

அவள் முகம் மாறிவிட்டது. அவள் அப்பா மைனில் வேலை பார்த்து நுரையீரலில் தூசி படிந்து இறந்தவர். கடைசி நாட்களில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினார். அது எனக்குத் தெரியாததில்லை.

"இத்தினி நாளா ஏன் சொல்லல? நான் உன் பக்கத்துலயே வர்றேன்."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. எட்டு கிலோமீட்டர் என் வேகத்துக்கே வந்தாள். திருப்பத்துக்குத் திருப்பம் "இழுக்குதா?" என்று கேட்டாள். எனக்கோ அன்றைக்கு மூச்சு அவ்வளவு லேசாக இருந்தது. எட்டாவது கிலோமீட்டரில் எனக்குத் தண்ணீர் வாங்க அவள் நின்றாள். நான் நிற்கவில்லை.

முடித்துவிட்டு நின்றபோது தண்ணீர் பாட்டிலோடு வந்து முதுகைத் தடவினாள். "பரவாயில்லையா இப்போ?" என்றாள். எங்கள் வயதுப் பிரிவில் எனக்கு மூன்றாவது பரிசு. அவளுக்கு எதுவும் இல்லை. திரும்பும் ரயிலில் என் மெடலைப் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் அவள்தான் காட்டினாள்.

பத்து நாள்தான் தாங்க முடிந்தது. பங்காருபேட்டையில் வண்டி நின்றிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"மெஷினை மறைச்சது பரவாயில்ல. வேற எதுனா பொய் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

அவளுக்கும் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அதை அவள் வாயில் வைத்து இதுவரை நான் பார்த்ததில்லை.