ரயில் மேஜையின் வடமேற்குக் கால்

பொம்மை ரயில் என்று பிறர் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் பொம்மைக்கு மட்டம் வேண்டாம்; மாதிரி ரயிலுக்கு மட்டமே உயிர். தண்டவாளம் ஒரு பக்கம் நூலளவு தாழ்ந்தாலும் உள்ளங்கையில் அடங்கும் இஞ்சின் அதை உணர்ந்துவிடும். ஏற்றத்தில் முனகும், இறக்கத்தில் தடம் புரளும். இதை நான் நன்கு அறிந்திருந்தேன். அந்த அறிவே ஒரு சாரல் காலம் முழுவதும் என் கண்ணை மறைத்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தென்காசியில் மின்பொருள் கடை நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்த பிறகு, இலஞ்சியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மச்சில் ரயில் மேஜையை அமைத்தேன். மர உத்திரங்களின் மேல் பலகை பாவிய மச்சு அது. மேஜை பதினான்கு அடி நீளம். செங்கோட்டைக்கு மேற்கே மலையேறிப் போகும் பாதையைக் கோழிவலையாலும் கூழாக்கிய காகிதத்தாலும் சுண்ணச் சாந்தாலும் செய்து, குகையையும் பாலத்தையும், கிழக்குக் கோடியில் ஒரு நிலையத்தையும் வைத்தேன். மலை முழுவதும் வடமேற்கு மூலையில் நின்றது. அதன் அருகே கண்ணாடி அலமாரி. அதற்குள் நான் சேர்த்த நாற்பத்தொரு இஞ்சின்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிரியமான கறுப்பு நீராவி இஞ்சினைத் துபாயிலிருந்து விடுப்பில் வந்த பக்கத்து வீட்டு நண்பர் தம் கைலிக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த மலைக்கு நேர் கீழே என் மனைவியின் அறை இருந்தது. மூட்டுவலி வந்த பிறகு அவள் மாடிப்படி ஏறுவதில்லை. பகலில் பெரும்பொழுதும் அங்கேதான் படுத்திருப்பாள். அந்த அறைக்கு ஒரே கதவு; அது சாரல் அடிக்கும் மேற்குச் சுவரில் இருந்தது.

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. அந்த ஆண்டு குற்றாலத்தில் அருவி பொங்கிக் குளிக்கத் தடை போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். எங்கள் மேற்குச் சுவர் ஈரம் குடித்துக் கறுத்தது. அந்த நாட்களில்தான் ரயில் பாலத்தின் மேல் தயங்கத் தொடங்கியது. தண்டவாளத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தேன். குமிழி நடுவிலிருந்து விலகியிருந்தது. மேஜையின் வடமேற்குக் கால் தாழ்ந்திருந்தது. இதற்கு எங்களைப் போன்றவர்கள் செய்வது ஒன்றுதான்: காலுக்கு அடியில் அட்டை வைப்போம். கடைக்காலத்திலிருந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. கனமான அட்டை. தெய்வப் படத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு மீதியைச் சதுரமாக வெட்டினேன்.

மனைவிக்கு அது பொறுக்கவில்லை. "மஞ்சள் தடவுன பத்திரிகைய வெட்டலாமா? யாராச்சும் செய்வாவளா? அந்தப் பிள்ளைக நல்லா இருக்கண்டாமா?"

"எல்லாம் கல்யாணம் முடிஞ்சு பேரன் பேத்தி எடுத்தவங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆமா, மாப்பிள்ளை பொண்ணு தலையில ரயில நிறுத்துதிய. உங்கள யாரு கேக்க?"

ஓர் அட்டை வைத்தேன். ரயில் சீராக ஓடியது. அடுத்த வாரம் மீண்டும் தயங்கியது, இன்னொன்று வைத்தேன். பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் மூன்று நான்கு அட்டைகள் வைப்பது கடமையாகவே ஆயிற்று. மரக்கால் ஈரத்தில் சுருங்குகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஈரத்தில் மரம் சுருங்காது, ஊதும் என்று அப்போது ஏனோ தோன்றவில்லை.

கீழேயும் அறிகுறிகள் இருந்தன. மனைவியின் கட்டிலில் மண்போல் ஏதோ உதிர்ந்தது. அவள் போர்வையை உதறிக்கொண்டே இருந்தாள். அறைக் கதவு நிலையில் இறுகியது. "சாரலுக்குக் கதவு ஊதியிருக்கு" என்று சொல்லி இழைப்புளியால் விளிம்பைச் சீவிவிட்டேன். பத்து நாளில் மறுபடியும் இறுகியது; மறுபடியும் சீவினேன். மேலே அட்டை, கீழே இழைப்புளி. ஒன்றையும் மற்றொன்றையும் என் மனம் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் மட்டம் பார்த்துக் குமிழியை நடுவில் நிறுத்தினேன். நிலையத்தில் நான்கு பெட்டிகளை இஞ்சின் இல்லாமல் நிறுத்தி, மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது நிலையம் காலியாக இருந்தது. நான்கு பெட்டிகளும் தாமாகவே உருண்டு போய்க் குகைக்குள் நின்றிருந்தன. கடைசிப் பெட்டியின் பின்புறம் மட்டும் வெளியே தெரிந்தது. ரசமட்டத்தில் குமிழி ஒரு கோடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதும் நான் அட்டையைத்தான் நினைத்தேன். பத்திரிகைப் பெட்டி மனைவியின் அறையில் இருந்தது. கீழே இறங்கிக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, ரயில நிறுத்துங்களேன். தலையே வலிக்கி."

"ரயில் ஓடலையே. நான் இங்கன வாசல்லல்லா நிக்கேன்."

"அப்ப மேல நெறுநெறுங்குதே, அது என்ன?" என்றாள்.

நானும் அதைக் கேட்டேன். யாரோ பல்லைக் கடிப்பது போன்ற ஓசை. அது நின்றது, மறுபடியும் தொடங்கியது. தோளால் மோதினேன். கதவு அசையவில்லை. தோட்டத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து வந்து நிலையின் இடுக்கில் கொடுத்து நெம்பினேன். எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்ல இயலாது. கதவு பிளந்தபோது அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலும் தோளிலும் செம்மண். நடக்க முடியாதவளை இரு கைகளாலும் அணைத்து இழுத்துக்கொண்டு தோட்டத்தை அடுத்த தென்னந்தோப்பு வரை போன பிறகே நின்றேன்.

தெருக்கோடியில் இருந்த ஆசாரி வந்தார். முதலில் அறைக்குள் நான்கு முட்டுக் கொடுத்தார். பிறகு ஏணியில் ஏறி, உத்திரம் சுவருக்குள் புகும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது பிடி வரைக்கும் இறங்கியது.

"உள்ள மரமே இல்ல அண்ணாச்சி. பெயிண்டுதான் நிக்கி. மத்ததெல்லாம் கரையான் தின்னுட்டு."

மச்சுக்கு ஏறி, மேஜையின் காலைத் தூக்கி அடியில் இருந்த அட்டைகளை உருவினார். "இது என்ன அண்ணாச்சி, கல்யாண மண்டபமா?" என்று சிரித்தார். அடுக்கிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. இருபத்துமூன்று அட்டைகள்; இரண்டு விரற்கடைக்குச் சற்றுக் குறைவான உயரம். நூல் பிடித்து மச்சின் சரிவை அளந்தார். அதே உயரம், அதோடு அன்று காலைக்குப் பிறகு இறங்கிய கொஞ்சமும்.

"மச்சு எறங்க எறங்க நீங்க அட்டை வச்சிருக்கிய. வீடு பூரா எறங்கிட்டு, உங்க ரயிலு மட்டும் எறங்கல."

மனைவி எத்தனை இரவுகள் அந்த உத்திரத்தின் கீழ் உறங்கினாள் என்பதை அந்த அட்டைகள் சொல்லின. ஒவ்வொன்றையும் என் கையால் வெட்டியிருந்தேன்.

உத்திரத்தை மாற்றி இரும்பு போட்டாயிற்று. மலையை உடைத்துச் சாக்குகளில் கட்டிக் கீழே இறக்கினேன். இஞ்சின்கள் மகன் வீட்டில் இருக்கின்றன. "உத்திரத்துக்கு நான் பொறுப்பு அண்ணாச்சி, சுவருக்கு நான் சொல்ல முடியாது" என்று ஆசாரி சொல்லிவிட்டுப் போனார். கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கோடையில் பிரித்துக் கட்டலாம் என்றார். கோடையில் அவருக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன. மனைவி கிழக்கு அறைக்கு மாற மறுத்தாள். அங்கே காற்று வராதாம்.

ஆகவே மச்சில் மூன்றடிப் பலகை ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். அதன் மேல் நேரான தண்டவாளம். அதில் ஒரே ஒரு பெட்டி. அது நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். நாள்தோறும் காலையில் அதைப் பார்த்த பிறகே காப்பி குடிக்கிறேன். பத்து மாதமாக அது குறியை விட்டு அசையவில்லை.

இவ்வாண்டுச் சாரல் தொடங்கி எட்டு நாள் ஆகிறது. இன்று காலை பெட்டி குறியில் இல்லை. பலகையின் மேற்குக் கோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

ரசமட்டத்தை நான் எடுக்கவில்லை. கீழே இறங்கினேன். "எந்திரி. வெளிய வா" என்றேன்.

"இப்பத்தான காலை நீட்டுனேன். என்ன அவசரம்?"

"வா சொல்லுதேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் கையை நீட்டினாள்.