ஜெபராஜ் சாரின் பிரெஞ்சு ஆறு

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். டவுணில் நான் ஏறிய பேருந்து ஆற்றுப் பாலத்து நெரிசலில் நின்றபோது கைபேசி அடித்தது. எங்களோடு பள்ளியில் வேலை பார்த்த பழைய நண்பர். "ஜெபராஜ் சார் போயிட்டாருவே. காலையில சர்ச்சுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தவரு அப்படியே நாற்காலியில சாஞ்சுட்டாரு" என்றார். பாளையங்கோட்டையில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

அவரிடம் பூகோளம் படித்தவர்கள் பலர் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கு அவர் உலக உருண்டையும் கையுமாக வகுப்புக்குள் நுழைந்த மனிதர். அதே பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அவர் ஒரு படத்தின் முன்னால் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். அஞ்சலி என்றால் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கோ அவர்மேல் ஆத்திரமாக வருகிறது. அதை மறைத்து எழுத என்னால் ஆகாது.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுச்சென்ற காலண்டரில் இருந்த படம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஒருவர் வரைந்த ஆற்றங்கரை. தண்ணீர்மேல் சாய்ந்த மரங்கள், கரையை ஒட்டி ஓர் ஓடம், குனிந்து எதையோ பொறுக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். கீழ ரத வீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடைக்கு இருவரும் எடுத்துப் போனோம். கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயில் தெப்பக்குளம் அண்ணாச்சி?" என்று கேட்டார். ஜெபராஜ் சார் சிரிக்காமல், "பிரான்சுல இருக்கு. நானும் இவரும் ஒரு நாள் போயிப் பாக்கப் போறோம். போனா சேந்துதான் போவோம்" என்றார். முருகனுக்குப் போடும் தங்கப்பூச் சட்டத்தையே அந்த ஆற்றுக்கும் போட்டுக் கொடுத்தார்கள்.

அவர் வீட்டுக் கூடத்தில், மேற்கு ஜன்னலுக்கு எதிரே அது தொங்கியது. ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் வந்ததும் நான் போய்ச் சேர்வேன். இரண்டு நாற்காலிகளைப் படத்தைப் பார்க்கப் போட்டு உட்காருவோம். தேநீர் வரும்வரை பேசக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். தம்ளர் கைக்கு வந்ததும், "இன்னைக்கு என்னவே கண்டீரு?" என்பார். புதிதாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலைகளுக்கு நடுவில் தெரியும் வானம், ஓடத்தின் நிழல் எதுவானாலும் சரி. எனக்கு ஒன்றும் அகப்படாத நாளில், "பைய பாரும். ஆறு எங்கயும் போயிராது" என்பார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் யாரையும் நான் வைவதில்லை என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை. படத்தில் இருப்பது காலையா மாலையா? அந்தச் சாம்பல் நீலம் சூரியன் எழுமுன் வருவது என்பது என் கட்சி. சாயங்காலம் என்பது அவர் கட்சி. ஒருமுறை எங்கள் ஊர் ஆற்றங்கரையில் உள்ள குறுக்குத்துறைக்கே என்னை இழுத்துப்போய், மருத மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் மங்கும்வரை நிற்கவைத்தார். "இப்பப் பாரும்வே, மரம் கருக்குதா? தண்ணி மட்டும் வெளுப்பா நிக்குதா? அங்கனயும் இதேதான்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. கொசுக்கடியோடு திரும்பினோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மகள் ஷீபாவின் பிரசவத்துக்காக ஜெர்மனி போய்வந்தார். வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பாரிசுக்குப் போனீரா?" என்பதுதான். "எங்கவே, பச்சப்பிள்ளய வச்சுக்கிட்டு? வாசலத் தாண்டல" என்றார். அடுத்த ஞாயிறே, தேநீரைக் குடித்துவிட்டு, "நீரு சொன்னதுதான் சரி. அது விடியக்காலந்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த விடியல் நீலத்தின் அமைதியைப் புகழ்ந்து உள்ளூர்ச் சிற்றிதழில் ஒரு கட்டுரையும் எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் அவர்தான் படித்துப் பார்த்தார். "நல்லாருக்குவே" என்றார்.

அடக்கம் முடிந்த சில நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். ஷீபா எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கைபேசியை நீட்டினாள். "இனிமே மறைக்க என்ன இருக்கு மாமா? நாங்க பாரிஸ் போனோம்லா, அப்ப எடுத்தது." பெரிய ஓவியம் ஒன்றின் முன்னால் ஜெபராஜ் சார், நான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் எங்கள் ஆறு. ஆனால் வானம் பொன்னாக இருந்தது. மரங்கள் பழுப்பேறிக் கிடந்தன. குனிந்த பெண்ணின் தலையில் சிவப்புத் துணி. சந்தேகமே இல்லாத சாயங்காலம்.

சலூன் சுவரில் நடிகர் படங்கள் வெயில் பட்டு நீலமாய் வெளுப்பதைப் பார்க்காதவர் உண்டா? மேற்கு ஜன்னல் வெயில் வருடக்கணக்கில், எங்கள் கண்ணுக்கே தெரியாமல், எங்கள் படத்தையும் அப்படித்தான் ஆக்கியிருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் போய் மிஞ்சிய நீலத்தைத்தான் ஓவியரின் மேதைமை என்று இரண்டு வாத்தியார்கள் உட்கார்ந்து வியந்திருக்கிறோம். அதுகூடப் போகட்டும், ஏமாந்தது இருவரும்தானே. அவர் உண்மையைப் பார்த்து வந்த பிறகும் என்னை அந்த நீலத்திலேயே உட்காரவைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சின்னப் பிள்ளையோடு தாயம் ஆடுகிறவர்போல என்னிடம் தோற்றுக்கொடுத்தார். என் அசட்டுக் கட்டுரைக்கு நல்லாருக்கு என்றார்.

"ஏன் மறைச்சாரு?" என்று ஷீபாவிடம் கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஒங்களுக்கு போட்டோ அனுப்பவான்னு அங்க வச்சே கேட்டேன் மாமா. 'வேண்டாம்ட்டி. படம் வெளுத்துப் போச்சுன்னு தெரிஞ்சா அவரு ஞாயித்துக்கெழம வாறத நிப்பாட்டிருவாரு'ன்னாங்க."

சுவரிலிருந்த படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, ஒன்றின் முன்னால் வாயை மூடிக்கொண்டு பொறுமையாக உட்காரும் பழக்கத்தை மட்டும்தான். அதைக் கற்றதும் அவரால்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடமும் இருவரும் எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். ஒரு ஞாயிறாவது அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால், நான் எதற்காக வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.