கொழும்புல டியூன் பண்ணின பஸ்

தங்கச்சியைப் பொண்ணு பாக்க வர்றவங்க ரயில்ல வர்றாங்க. ஹட்டன் ஸ்டேஷன்ல நான்தான் நின்னு கூட்டிட்டு வரணும். மஸ்கெலியாவுல இருந்து ஹட்டன் போற பஸ்ல எனக்கு இருப்பே கொள்ளல.

வழியில ஒரு ஏத்தம். எப்பவும் அங்க பஸ் திணறி நின்னுடும். கொண்டக்டர் சோமு குதிச்சு, பஸ் பின்னால உருளாம சக்கரத்துக்குக் கட்டை போடுவாரு. நாங்க எறங்கி மேல வரைக்கும் நடப்போம்.

இன்னைக்கு டிரைவர் முனியாண்டி அண்ணன் சத்தம் போட்டாரு: "ஒருத்தரும் எறங்காதீங்க! கொழும்புல சக்கரத்த உருளை மேல ஓடவிட்டு, எஞ்சின் பலத்த அளந்து டியூன் பண்ணிக் குடுத்திருக்காங்க."

யாரும் நம்பல. ஆனா பஸ் ஜம்முன்னு ஏறிடுச்சு! எல்லாரும் கைதட்டினோம்.

உச்சியில ஒரு அம்மா டிக்கெட்டுக்குக் கைய நீட்டுனாங்க. குடுக்க ஆளில்ல.

சோமு பழக்கதோஷத்துல ஏத்தம் தொடங்கறப்பவே கட்டையோட குதிச்சிருக்காரு. கீழ வளைவுல, கட்டையத் தோள்ல வச்சுக்கிட்டு மெதுவா ஏறி வர்றாரு.

"விட்டுட்டுப் போங்கண்ணே, ரயில் வந்துரும்"னேன்.

"டிக்கெட் கட்டு அவன்கிட்டல்ல இருக்கு தம்பி"ன்னு எஞ்சினையே நிறுத்திட்டாரு.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த சோமு, "என்னையும் கொழும்புக்கு அனுப்பி டியூன் பண்ணுங்கண்ணே"ன்னாரு. பஸ்ஸே சிரிச்சுது. எனக்குத்தான் சிரிப்பு வரல.

ஹட்டன்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பழத்தட்டோட, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாங்க.

பஸ் ஏற முடியாம லேட்டுன்னா யாரா இருந்தாலும் நம்புவாங்க. ஒரே மூச்சுல ஏறிட்டதால லேட்டுன்னா? நீங்களா இருந்தா என்னத்தச் சொல்லியிருப்பீங்க?